ஆர் இந்தப் பாலேந்திரா?

நான் பயந்த மனுசன். இதை ஒளிச்சுப் பிரியோசனமில்லை, கதை முழுக்க அதுதான் வரப்போகுது. டெனிஷ்காரரின்ர நாட்டில, பிரெடெரிசியா எண்ட ஊரில, ஒரு சாமான் களஞ்சியத்தில பெட்டி தூக்கிற போர்க்லிப்ட் ஓடுறன். பதினாலு வருசத்தில ஒரு பெட்டியைக்கூட இடிச்சதில்லை, பயந்தவன் இடிக்கமாட்டான். ஆனா என்ர மனிசி சாரங்கியின்ர சீவியத்தை ஒருக்கா வடிவாப் போய் இடிச்சுப்போட்டன். அதைத்தான் சொல்ல வாறன்.

சாரங்கி இதே நாட்டில கிரின்ஸ்டெட் எண்ட சின்ன ஊரில வளந்தவள். மூண்டு வயசில யாழ்ப்பாணத்திலயிருந்து தாயோட வந்து இறங்கினவள். தேப்பன் பாலேந்திரா, எனக்கு மாமா, அங்க ஒரு தொழிற்சாலையில இருபத்தெட்டு வருசம் பெட்டி கட்டினவர். பஸ் எண்டு பேருக்கு ஒண்டு ஓடுற ஊர். விடியப்புறம் வேலைக்குப் போகேக்க மகளையும் காரில ஏத்திப் பள்ளிக்கூட வாசலில விட்டிட்டுப் போவாராம். கதவு திறக்க முக்கால் மணித்தியாலம் கிடக்கும். காவலாளி பாவம் பாத்து உள்ள விட்டால் படிக்கட்டில குந்தியிருந்து படிப்பாளாம்.

ஒன்பதாம் வகுப்பில, மேல என்ன படிக்கலாம் எண்டு ஆலோசனை சொல்லுற ரீச்சர் ஒராள் வந்து, "நீ பொறுமையான பிள்ளை, வயசுபோன ஆக்களைப் பராமரிக்கிற வேலை உனக்கு நல்லாப் பொருந்தும்" எண்டாவாம். கணக்கில இவளின்ர அரைவாசிப் புள்ளி எடுத்த பெடியனை எஞ்சினியருக்குப் படிக்கச் சொன்னாவாம். பராமரிப்பு வேலை குறைஞ்ச வேலை எண்டு நான் சொல்ல வரேல்லை, என்ர தங்கச்சியும் அதைத்தான் செய்யிறாள். ஆனா கேள்வியைக் கேக்க முதலே விடையைச் சொல்லிப்போட்டால் எரிச்சல் வராதோ?

எரிச்சல் எனக்குத்தான். சாரங்கி ஒண்டும் சொல்லாமல் படிச்சுக்கொண்டு போனவள். கலாநிதிப் பட்டம் எடுத்தாள். அவளின்ர ஆராய்ச்சி பால் ஆலைக் குழாய்களில. குழாய்க்குள்ள கிருமியெல்லாம் கூடி ஒரு வழுவழுத்த பாசி மாதிரிப் படியுமாம். அது படியத் தொடங்கிட்டுதோ எண்டு குழாயைக் கழட்டாமலே பாக்கிற ஒரு முறையை முதன்முதல் கொண்டுவந்தது என்ர மனிசிதான். அதைப் பற்றி நாலு கட்டுரை எழுதினவள். நாலும் எங்கட கலியாணத்துக்கு முதல்.

இனிப் பேர் விசயம். எங்கட சனத்துக்குக் குடும்பப் பேர் எண்டு ஒண்டு இல்லை. பிள்ளைக்குப் பின்னால தேப்பன்ர பேர். பொம்பிளைப் பிள்ளை கலியாணம் கட்டினால் தேப்பனைக் கழட்டிப்போட்டுப் புருசன்ர பேரைக் கொழுவுறது. நான் பிறந்ததிலயிருந்து துவாரகன் கந்தையா, சாகேக்கையும் அதுதான். சாரங்கி பாலேந்திரா மட்டும் சாரங்கி துவாரகன் ஆகவேணும்.

கலியாணம் முடிஞ்ச கிழமையே என்ர அம்மா சுசீலாதேவி தொடங்கிட்டா. "தம்பி, கட்டின பிறகும் தேப்பன்ர பேரில திரிஞ்சால் சனம் என்ன சொல்லும்?" புருசன்ர முதற்பேரைப் பின்பேராப் போட இஞ்சத்தைச் சட்டம் லேசில விடாது. எங்கட வழக்கம் உது எண்டு நாலு பந்தியில கடிதம் எழுதிக் கேட்டது நான். கொம்பியூட்டரில படிவம் நிரப்பினதும் நான். கடைசியா அவள் தன்ர அடையாள இலக்கத்தை அடிச்சு ஒப்புக்கொள்ளவேணும். அடிக்க முதல் என்னைப் பாத்து, "என்னப்பா, என்ர கட்டுரையெல்லாம் பழைய பேரிலயெல்லோ கிடக்கு?" எண்டு கேட்டவள்.

"உதை ஆர் பாக்கப்போறாங்கள்?" எண்டன். விசரன்.

பிறகு அவள் ரெயினில போய்வாற தூரத்தில இருக்கிற ஒரு பல்கலைக்கழகத்தில சேந்தாள். பேர் சொல்லமாட்டன். அங்க வெளியாக்கள் வந்தால் கோப்பி எங்க கிடக்கெண்டு இவளிட்டத்தான் கேப்பினம். கூட்டத்தில இவள் ஒண்டைச் சொன்னால் ஒருத்தரும் நிமிந்து பாக்காயினம். பத்து நிமிசத்தால அதையே ஒரு மனுசன் சொல்ல, அருமை அருமை எண்டு தலையாட்டுவினம். எங்கட மகள் றொஷானி வயித்தில இருக்கேக்க, ஆராய்ச்சிக்காசு பிரிக்கிற கூட்டம் முடியட்டும் எண்டு ஐஞ்சு மாசம் பெரிய ஸ்வெற்றருக்குள்ள ஒளிச்சுக்கொண்டு திரிஞ்சவள். நான் கொதிப்பன். அவள், "சும்மா இருங்கோப்பா, கேட்டால் கரைச்சல்" எண்டுவாள். வம்பு வரும் எண்ட அந்தச் சொல்லு அவளின்ர வாயில எப்பவும் இருந்தது.

போன வருசம் ஒரு லெக்டர் பதவிக்கு ஆள் எடுக்கிறம் எண்டு அறிவிச்சினம். லெக்டர் எண்டால் நிரந்தரம். அதுவரைக்கும் இவையளுக்கு ரெண்டு வருசம், மூண்டு வருசம் எண்டு ஒப்பந்தம்தான். சாரங்கியின்ர ஒப்பந்தம் தை மாசத்தோட முடியுது. அவளின்ர துறையில இன்னொரு இடம் இந்த நாட்டில எப்ப வருமெண்டு ஆருக்கும் தெரியாது. "இது கிடைக்காட்டி நான் ஆராய்ச்சியை விட்டிடுவனப்பா. முப்பத்தேழு வயசாச்சு, இனியும் நாடு நாடாப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அலைய என்னால ஏலாது" எண்டாள். பதினெட்டு வருசத்து உழைப்பு அந்த ஒரு விண்ணப்பத்தில தொங்கிக்கொண்டு நிண்டது.

கார்த்திகை மாசம், ஒரு வியாழக்கிழமை மத்தியானம். நான் காலமை வேலை முடிஞ்சு வந்து குசினியில சோறு போட்டுக்கொண்டு நிக்கிறன். அவள் வீட்டிலயிருந்து வேலை. "என்னப்பா" எண்டு ஒரு குரல். அந்தக் குரலை நான் முன்னம் கேட்டதில்லை.

விண்ணப்பங்களை வாசிக்கிறதுக்கு மூண்டு பேராசிரியர்மார் கொண்ட குழு ஒண்டு போடுவினம். அவையள் ஒவ்வொருத்தரைப் பற்றியும் தகுதி, தகுதியில்லை எண்டு அறிக்கை எழுதி, அதை அந்தந்த ஆளுக்கு அனுப்புவினம். பிழை இருந்தால் பத்து நாளுக்குள்ள மறுப்பு எழுதலாம். சாரங்கியின்ர அறிக்கை வந்திருந்தது. டெனிஷில வாசிச்சாள், நான் தமிழில சொல்லுறன்.

முதல் பந்தி முழுக்கச் சீனி. விண்ணப்பதாரர் அன்பானவர், கடுமையா உழைக்கிறவர், மாணவரோட பொறுமையானவர். ரெண்டாம் பந்தியில கத்தி. விண்ணப்பதாரரின் ஆய்வுத் திட்டம் பாலேந்திராவின் முன்னோடியான முறையிலேயே முழுக்கத் தங்கியிருக்கிறது. தம்முடைய முன்னாள் வழிகாட்டியான பாலேந்திராவின் நிழலிலிருந்து அவர் இன்னும் வெளியே வரவில்லை. சொந்தமான சிந்தனைக்குப் போதிய சான்று இல்லை. தகுதி இல்லை.

"பாலேந்திரா நான்" எண்டாள் சாரங்கி.

எப்பிடி உது நடந்ததெண்டு அவளே சொன்னாள். விண்ணப்பத்துக்குக் கட்டுரைப் பட்டியலைப் பல்கலைக்கழகக் கொம்பியூட்டரிலயிருந்து எடுத்துப் போட்டவள். அதுக்குத் துவாரகனை மட்டும்தான் தெரியும். பழைய நாலும் அதில வரேல்லை. திட்டத்தை எழுதேக்கையும் "நான் உருவாக்கின முறை" எண்டு எழுதக் கூச்சப்பட்டு, "பாலேந்திராவும் மற்றாக்களும் உருவாக்கிய முறை" எண்டு எழுதிவிட்டிருக்கிறாள். நான் நான் எண்டு சொல்லுற பொம்பிளைப் பிள்ளையை வாய்க்காரி எண்டு சொல்லித்தானே எங்கட வீடுகளில வளக்கிறது.

பிழை எங்கடதான், இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா அந்த மூண்டு படிச்ச ஆக்களும் ஒரு கட்டுரையை, ஒண்டே ஒண்டைத் திறந்து பாத்திருந்தால் சாரங்கி எண்ட பேர் அதில கிடக்கு. திறக்கேல்லை. ஆர் இந்தப் பாலேந்திரா எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. பெரிய வேலை செய்தவர் ஆரோ ஒரு மனுசன், அவருக்குக் கீழ நிண்ட பொம்பிளை இவள் எண்டு கேக்காமலே அவையளுக்கு விளங்கிட்டுது. கோதாரி பிடிச்ச விளக்கம்!

"எழுது. இப்பவே எழுது" எண்டு துள்ளினன்.

"மாட்டன்" எண்டாள். "இந்தத் துறையில இருக்கிறதே ஒரு பிடி சனம். எழுதினால் கரைச்சல் பிடிச்ச பொம்பிளை எண்டு எல்லாருக்கும் தெரிஞ்சிடும். இது போனது போகட்டும், வேற ஒரு இடத்திலயும் எடுக்கமாட்டினம்."

இதையும் சொல்லத்தான் வேணும். அவள் மாட்டன் எண்டவுடன எனக்கு உள்ளுக்குள்ள ஒரு நிம்மதி வந்தது. எழுதினால் பேர்க் கதை வரும். பேர்க் கதை வந்தால் அண்டைக்குப் படிவம் நிரப்பின கதை வரும். உதை ஆர் பாக்கப்போறாங்கள் எண்ட என்ர வாய் வரும். ரெண்டு நாள் வீட்டில அவளின்ர முகத்தைப் பாக்காமல் திரிஞ்சன். அவள் கோப்பையை மேசையில வைக்கிற சத்தத்துக்கே திடுக்கிட்டன்.

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். மகளின்ர முகத்தைப் பாத்திட்டு விடமாட்டனெண்டு கேட்டு, கதையை எடுத்துப்போட்டார். முதல் அவருக்கு விளங்கேல்லை.

"ஆர், நானோ? நான் முன்னோடியோ?" எண்டு சிரிச்சார். பிறகு சிரிப்பு நிண்டுபோச்சு. "பிள்ளை, என்ர பேராலயோ உன்ர வேலை போகுது?" எண்டார்.

"இல்லையப்பா, அப்பிடியில்லை."

"நான் வாறன் அங்க. அது நான் இல்லை, எனக்கு உந்தக் குழாய் ஒண்டும் தெரியாது, நான் பெட்டி கட்டினவன் எண்டு சொல்லுறன். நம்பாட்டி என்ர பழைய வேலை அட்டை கிடக்கு, படத்தோட. அதைக் காட்டுறன்." பொக்கற்றுக்குள்ள கையை விட்டு அட்டையைத் தேடத் தொடங்கிட்டார். மனுசன் அந்த நேரமே புறப்பட்டிடுவார் போல நிண்டார்.

சாரங்கி அழுதாள். அறிக்கை வந்த நாளிலயிருந்து அழாதவள், தேப்பன்ர கையைப் பிடிச்சுக்கொண்டு குழந்தை மாதிரி அழுதாள். எனக்கு அதுக்குமேல தாங்கேல்லை. மாமா போனாப்பிறகு அவளுக்கு முன்னால போய் நிண்டன்.

"அண்டைக்கு நீ கேட்டனி. நான்தான் ஆர் பாக்கப்போறாங்கள் எண்டு சொன்னனான். பிழை என்ர."

அவள் கத்துவாள் எண்டு நினைச்சன். கத்தியிருந்தால் நல்லது.

"இலக்கத்தை அடிச்சது நான்தானே" எண்டாள். "ஏன் அடிச்சனான் தெரியுமோ? மாட்டன் எண்டால் மாமி என்ன நினைப்பா, நீங்கள் என்ன நினைப்பியள், கட்டி ஒரு கிழமையில குழப்பம் வந்திடுமோ எண்ட பயம். இப்ப எழுதமாட்டன் எண்டதும் அதே பயம்தான். எனக்குப் பயந்து பயந்து அலுத்துப்போச்சப்பா."

அலுத்துப்போச்செண்டாலும் பயம் போகேல்லை. திங்கட்கிழமை தொழிற்சங்கப் பிரதிநிதி கீர்ஸ்டனுக்குப் போன் எடுக்கேக்க அவளின்ர விரல் ரெண்டு தரம் பிழையான இலக்கத்தில விழுந்தது. கீர்ஸ்டன் அதே கட்டடத்தில வேலை செய்யிற வயசுபோன மனுசி, வெட்டொண்டு துண்டு ரெண்டு. "பிழையைத் திருத்தச் சொல்லுறது சண்டை இல்லை. பத்து நாள் எண்டு விதி வைச்சதே அதுக்குத்தான்" எண்டு சொன்னாவாம். இன்னொண்டும் சொன்னா. "நேர்முகத்துக்கு வந்தால் எல்லாருக்கும் ஒரே கேள்வி, எழுதின தாளைப் பாத்துத்தான் கேக்கவேணுமெண்டு நான் துறைத் தலைவரிட்ட இப்பவே சொல்லிவைக்கிறன். நீ எழுது."

எழுத இருந்தால் எழுத்து வரேல்லை. குசினி மேசையில பக்கத்தில நான். "இந்த முறையை நான் உருவாக்கினேன்" எண்டு அடிப்பாள், பாப்பாள், அழிப்பாள். "எங்கள் குழு உருவாக்கியது" எண்டு போடுவாள். திரும்ப அழிப்பாள். தன்ர கையால செய்ததைத் தன்ரயெண்டு எழுத ஒரு பின்னேரம் முழுக்கப் போச்சுது. கடைசியில "நான்" எண்டு போட்டிட்டு, ஆரோ பின்னால நிண்டு பாக்கிற மாதிரித் திரும்பிப் பாத்தாள். அனுப்பினது எட்டாம் நாள்.

அனுப்பின பிறகு வந்த பயம் வேற மாதிரிப் பயம். ரெலிபோன் அடிச்சால் ரெண்டுபேரும் ஒராளை ஒராள் பாப்பம், எடுக்கமாட்டம். துறைத் தலைவர் அவளுக்கு வழமையாச் சொல்லுற காலை வணக்கத்தை ஒருநாள் சொல்லேல்லையாம். அண்டு முழுக்க அவள் சாப்பிடேல்லை. அந்த மனுசனுக்குத் தடிமனில தொண்டை கட்டிக் கிடந்ததெண்டு பிறகுதான் தெரிஞ்சுது. அம்மா கோல் எடுத்து என்ன புதினமெண்டு கேட்டா. நான் நடந்ததை ஒண்டும் மறைக்காமல் சொன்னன். "நான் என்னடா கண்டன், தம்பி" எண்டா. அவவின்ர குரலிலயும் பயம்.

மூண்டு கிழமையால திருத்தின அறிக்கை வந்தது. பாலேந்திரா எண்ட ஆய்வாளரும் விண்ணப்பதாரரும் ஒருவரே என அறியத்தரப்பட்டுள்ளது. தகுதி உடையவர். அவ்வளவுதான். மன்னிப்பு எண்டு ஒரு சொல்லு இல்லை. எனக்கு மண்டை கொதிச்சுது. சாரங்கி அந்த ரெண்டு வரியையும் திருப்பித் திருப்பி வாசிச்சாள்.

தை பன்ரண்டாந் திகதி நேர்முகம். மூண்டு பேரைக் கூப்பிட்டிருந்தினம், மற்ற ரெண்டும் ஆம்பிளையள். கேள்வி எல்லாம் தாளைப் பாத்துத்தான் கேட்டவையாம். சின்னப் பிள்ளையை வைச்சுக்கொண்டு எப்பிடி எண்டு ஒருத்தர் தொடங்கினவராம். துறைத் தலைவர் தாளைக் காட்டி, அது இதில இல்லை எண்டு நிப்பாட்டினவராம். கீர்ஸ்டன் நல்லா இருக்கவேணும்.

ஐஞ்சாம் நாள் போன் வந்தது. இந்த முறை எடுத்தாள். "ஓம்... ஓம்... நன்றி" எண்டாள். வைச்சிட்டு நிலத்தில குந்திட்டாள். "தந்திட்டாங்களப்பா."

நான் துள்ளின துள்ளலில மேல்வீட்டுக்காரர் நிலத்தில தட்டினவர். றொஷானி என்னெண்டு தெரியாமலே எங்களோட சேந்து துள்ளினாள். மாமாவுக்கு நேரில போய்த்தான் சொல்லவேணும் எண்டு அடுத்த நாள் கிரின்ஸ்டெட்டுக்கு வெளிக்கிட்டம். சந்தோசமா வரவேண்டியவள், கார் ஏறினதிலயிருந்து மடியில கொம்பியூட்டரைத் திறந்து வைச்சுக்கொண்டு வாறாள். முகம் வெளிறிப்போய்க் கிடக்கு.

"என்னடி, இப்ப என்ன?"

"போன வருசம் ஒரு சின்னப் பதவிக்கு நானும் தெரிவுக் குழுவில இருந்தனான்" எண்டாள். ஒவ்வொரு குழுவிலயும் பொம்பிளை ஒராள் இருக்கவேணுமெண்டு அவையளுக்கு ஒரு ஒழுங்கு. அந்தத் துறையில இருக்கிறதே ஒரு கை விரலில எண்ணக்கூடிய பொம்பிளையள். அதால சின்னச் சின்னக் குழு வேலையெல்லாத்துக்கும் இவளை இழுப்பினம். "ஒரு போலந்துப் பொம்பிளை விண்ணப்பம் போட்டிருந்தவ. நாங்கள் எழுதினதை இப்ப திறந்து வாசிச்சனான்."

"என்ன எழுதினீங்கள்?"

"அன்பானவர். உழைப்பாளி. வழிகாட்டியின்ர முறையில தங்கியிருக்கிறார்." "மற்ற ரெண்டு பேரும் எழுதினதை நான் வாசிச்சிட்டு ஒப்பம் வைச்சனான். கட்டுரையைத் திறக்கேல்லை. கேட்டால் கரைச்சல் எண்டு விட்டிட்டன்."

அந்த மனுசியின்ர இலக்கம் விண்ணப்பத்தில கிடந்தது. வேண்டாம், இப்ப ஏன் எண்டு சொல்ல எனக்கு வாய் வந்தது. அடக்கிக்கொண்டன். அவள் இலக்கத்தை அடிக்க, காரின்ர ஸ்பீக்கரில மணி அடிச்சுது. சாரங்கி தான் ஆரெண்டு சொல்லி, சுத்தி வளைக்காமல் கேட்டாள்: "அந்த முறை உங்கட வழிகாட்டியின்ரயோ?"

"இல்லை" எண்டா அந்த மனுசி. "என்ர. வழிகாட்டியின்ர பேரை முன்னுக்குப் போட்டவை."

"பத்து நாள் இருந்ததே, ஏன் மறுப்பு எழுதேல்லை?"

"எழுதத்தான் இருந்தனான். பிறகு குழுவில ஆர் ஆர் எண்டு பாத்தன். பொம்பிளையா நீங்களும் இருந்தனீங்கள். பொம்பிளையே அப்பிடிச் சொன்னால் எனக்குத் தகுதி இல்லைத்தான் போல எண்டு விட்டிட்டன். ஆராய்ச்சியையும் விட்டிட்டன்."

சாரங்கி காரை ஓரத்தில நிப்பாட்டச் சொன்னாள்.